1969 பதவிப் பட்டியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அந்த ஆண்டில் யார் யார் பதவியில் இருந்தார்கள்' என்று இந்தியாவுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் தவறாமல் வழுக்கி விழும் ஆண்டு 1969. எழுத்துப் பிழைகளை விட்டுவிடுவோம். அவை பார்த்தாலே தெரியும்.

வி. வி. கிரியை ஒரே வரியில் அடைப்பது

'குடியரசுத் தலைவர்: வி. வி. கிரி, மே 3 முதல்.' எத்தனை முறை திருத்தினாலும் இந்த வரி திரும்ப முளைக்கிறது. மே 3-இல் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத் தலைவராக இருந்த கிரி, அரசியலமைப்பின் 65-ஆவது பிரிவின்படி பொறுப்பை ஏற்றார். குடியரசுத் தலைவர் ஆகிவிடவில்லை. தேர்தலில் நிற்பதற்காக ஜூலை 20-இல் அவர் விலக, இரண்டு நாற்காலிகளும் காலி. இப்படி நேர்ந்தால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பொறுப்பேற்க வேண்டும் என்று அதே ஆண்டு மே மாதம்தான் சட்டம் வந்திருந்தது. அதன்படி ஹிதாயத்துல்லா 35 நாள் இருந்தார். அமெரிக்க அதிபர் நிக்சன் டெல்லிக்கு வந்தது அந்த நாட்களில்தான். தேர்தலில் வென்ற கிரி பதவியேற்றது ஆகஸ்ட் 24-இல்.

ஆக, நான்கு வரிகள்: ஜாகிர் உசேன், கிரி (பொறுப்பு), ஹிதாயத்துல்லா (பொறுப்பு), கிரி. சுருக்கினால் என்ன கெடும்? 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் ஜூலை 19-இல் கையெழுத்திட்டவர் பொறுப்பில் இருந்த கிரி. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஆகஸ்ட் 9-இல் ஒப்புதல் தந்தவர் ஹிதாயத்துல்லா. ஒற்றை வரிப் பட்டியலை நம்புகிறவர் இரண்டையும் கிரி கணக்கிலேயே எழுதுவார்.

துணைத் தலைவர் கட்டத்தையும் இட்டு நிரப்பக் கூடாது. கோபால் சுவரூப் பதக் ஆகஸ்ட் 31-இல் வரும்வரை அது காலிதான்.

நெடுஞ்செழியனை விடுவது

அண்ணா மறைந்தது பிப்ரவரி 3, கருணாநிதி முதல்வரானது பிப்ரவரி 10. நடுவில் ஒரு வாரம் நெடுஞ்செழியன், பொறுப்பு முதல்வராக.

மாநிலத்தின் பெயர்

ஜனவரி 14-க்கு முன் 'தமிழ்நாடு' என்று போடாதீர்கள்.

நிதித்துறை

பிரதமர் மாறவில்லையே என்று அமைச்சரவையை அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஜூலை 16-இல் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதியைப் பறித்து இந்திரா காந்தி தாமே வைத்துக்கொண்டார்.

கட்சிக் கட்டம்

நவம்பர் 12-இல் இந்திராவைக் கட்சி நீக்கியது. அதன்பின் வெறும் 'காங்கிரஸ்' போதாது. இந்திரா அணியான ஆளும் காங்கிரஸா, அவரை நீக்கிய அணியான ஸ்தாபன காங்கிரஸா என்று பிரித்து எழுத வேண்டும். 'இ.காங்கிரஸ்' என்று போடுகிறவர்களும் உண்டு. அது 1978-இல் பிறந்த கட்சி.