எலுமிச்சைத் துளிரில் ஒரு குட்டி அந்துப்பூச்சி: அடையாளம் காண, வளர்த்தெடுக்க, பதிவு செய்ய

மழைக்குப் பின் புளியங்குடி, கடையம் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களில் இளந்துளிரைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஓடியிருக்கும். அதைப் போட்டது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. 1856இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் பெயரிட்ட இந்த அந்துப்பூச்சிக்கு ஆசியாதான் தாயகம். விவசாயிக்கு இது இலைத்துளைப்பான். இறக்கை விரித்தால் நாலு மில்லிமீட்டர், மடக்கி உட்கார்ந்தால் இரண்டுதான். இரவில் பூச்சிகளை ஈர்க்க விளக்குக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணிக்கு வந்தாலும் தூசி என்று விட்டுவிடுவோம். ஆகவே இலையிலிருந்து தொடங்குவதே நல்லது.

அந்த வெள்ளிக் கோட்டை லென்ஸில் பாருங்கள். புழு இலையின் மேல்தோலை மட்டும் பிரித்துச் சாற்றை உறிஞ்சுவதால் அடியில் காற்று புகுந்து வெள்ளியாய் மின்னும். கோட்டின் நடுவே எச்சம் கருங்கோடாக ஓடும். முனையில் கால் இல்லாத, தட்டையான மஞ்சள் பச்சைப் புழு இருந்தால் கோடு இன்னும் நீளும். இலை ஓரம் சிறிதாக மடிந்து உள்ளே பட்டு நூல் தெரிந்தால், அங்கே கூட்டுப்புழு.

வளர்க்க இந்த மடிந்த ஓரம் உள்ள இலைகளை மட்டும் எடுங்கள். சின்னப் புழுவோடு பறித்தால் இலை வாடியதும் சாறு நின்று புழு செத்துவிடும். பலரும் தோற்பது இங்கேதான். துளிரைக் காம்போடு வெட்டி, காம்பில் ஈரப் பஞ்சு சுற்றி, ஒரு டப்பாவுக்கு ஒரு இலையாக வையுங்கள். அடியில் உலர்ந்த டிஷ்யூ போடுங்கள். மூடியில் வியர்வைத் துளி நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். கொஞ்சம் திறந்துவிட்டு ஈரம் ஆற்றுங்கள். வெயிலிலோ, நிறுத்திய காருக்குள்ளோ டப்பாவை விடக் கூடாது. நம்மூர் வெக்கையில் ஒரு வாரம் ஒட்டிப் பூச்சி வெளிவரும். காலையில் எழுந்ததும் பாருங்கள்.

பூச்சி வந்ததற்கு அடையாளம், மடிப்பிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலிக் கூட்டுத்தோல். தோல் இல்லாமல் வட்டத் துளை மட்டும் இருந்தால் உள்ளிருந்து வந்தது ஒட்டுண்ணிக் குளவி. தோல்வி என்று தூக்கி எறிய வேண்டாம். அதுவும் நல்ல பதிவுதான்.

டப்பாவை இரண்டு மூன்று நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் பூச்சி அசையாது. செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸே போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மில்லிமீட்டர் ஸ்கேலோடு ஒன்று எடுங்கள். வெள்ளி முன்இறக்கையில் அடியிலிருந்து வரும் பழுப்புக் கோடுகள், நுனியில் ஒரு கரும்புள்ளி, ஓரத்தில் நீண்ட இழைகள்: மூன்றும் தெளிவாக விழ வேண்டும். செதில்கள் உதிர்ந்துவிடும், விரலால் தொடாதீர்கள்.

பதிவில் எழுத வேண்டியவை: தாவரம், இலையின் எந்தப் பக்கம், பறித்த தேதி, பூச்சி வெளிவந்த தேதி, இடம். இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறியுங்கள். இயற்கைப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எலுமிச்சை நட்ட மரமானாலும் பூச்சி தானாக வந்தது. அதனால் ‘வளர்ப்பு’ என்று குறிக்காதீர்கள். தனியார் தோட்டமென்றால் சரியான இடம் பிறருக்குத் தெரியாதபடி மங்கலாக்கிவிடுங்கள். தின்ற இலையைச் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, பூச்சிக்கும் இலைக்கும் ஒரே எண் கொடுங்கள்.

எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த வில்வத்திலும் இதே பூச்சி பதிவாகியிருக்கிறது. களக்காடு, பாபநாசம் மலையடிவாரத்தில் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேராத செடியில் இதேபோல் கோடு கண்டால் சிட்ரெல்லா என்று எழுதக் கூடாது. இந்தப் பேரினத்தில் ஒன்றுபோல் தோன்றும் இனங்கள் பல உண்டு. படத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. ஃபில்லோக்னிஸ்டிஸ் என்று பேரினப் பெயரோடு நிறுத்திச் செடியின் பெயரைச் சரியாக எழுதுங்கள். பின்னால் ஆராய்கிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.