கஜா புயலை டபிள்யூஆர்எஃப் மாடலில் ஓட்ட: உள்ளீட்டுத் தரவைத் தயார் செய்வது எப்படி?

வானிலையைக் கணினியில் கணித்துக் காட்டும் டபிள்யூஆர்எஃப் மாடலை நிறுவி முடித்தவர்கள் அடுத்ததாகத் திணறுவது, அதற்கு உள்ளீடு தயாரிக்கும் டபிள்யூபிஎஸ்ஸில்தான். உலகம் முழுவதற்குமான வானிலைக் கட்டத் தரவை எடுத்து, நம் டொமைனுக்கு, அதாவது மாடல் கணிக்கும் பரப்புக்குப் பொருத்தித் தரும் கருவி அது. டொமைனையும் நிலப்படத்தையும் அமைக்கும் ஜியோகிரிட், வானிலைத் தரவைப் பிரித்தெடுக்கும் அன்கிரிப், அந்தத் தரவை டொமைனின் கட்டங்களில் பொருத்தும் மெட்கிரிட் என மூன்று நிரல்கள். மூன்றும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று அறிவித்த பிறகும் உள்ளே போன தரவு தவறாக இருக்கலாம். அதனால் எங்கே நின்று திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப்போட்ட கஜா புயல்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது நவம்பர் 16 அதிகாலை 12.30 முதல் 2.30 மணிக்குள். தரவில் இருப்பதோ யூடிசி என்னும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் நவம்பர் 15, இரவு 7 முதல் 9 மணி. தேதியே மாறிவிடுகிறது. 16ஆம் தேதி 00 மணியில் மாடலைத் தொடங்கினால் புயல் ஏற்கெனவே கரையேறியிருக்கும். ஆகவே 14ஆம் தேதி 00 மணி முதல் 17ஆம் தேதி 00 மணி வரை, 3 மணி நேரத்துக்கு ஒன்றாக எடுப்போம். மொத்தம் 25 நேரங்கள். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தரவிறக்கம்

ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் காலநிலைத் தரவுத் தளத்தில் பதிவு செய்தால், கடந்தகால வானிலையை மறுபகுப்பாய்வு செய்து தரும் ஈஆர்ஏ5 தரவு இலவசம். கட்ட அளவு 0.25 டிகிரி, அதாவது ஏறத்தாழ 28 கி.மீ. அழுத்த மட்டங்கள் (காற்றழுத்தத்தால் குறிக்கப்படும் உயர அடுக்குகள்) 37க்கும் ஒரு கோப்பு, தரைமட்டத்துக்கு ஒரு கோப்பு. கோப்பு வடிவம் கிரிப் ஆக இருக்கட்டும்; நெட்சிடிஎஃப் என்ற இன்னொரு வடிவத்தில் உள்ள கோப்பை அன்கிரிப் படிக்காது. பரப்பை உங்கள் டொமைனைவிட நாலாபுறமும் சில டிகிரி கூட்டியே எடுங்கள்.

தரைமட்டக் கோப்பில் புதியவர்கள் தவறவிடுபவை: நில-கடல் முகமூடி (எந்தக் கட்டம் நிலம், எது கடல் என்பது), தரையின் ஜியோபொட்டென்ஷியல் (தரையின் உயரத்தைத் தருவது), நான்கு மண் அடுக்குகளின் வெப்பமும் ஈரமும்.

படி 3: ஜியோகிரிட்

நேம்லிஸ்ட் என்னும் அமைப்புக் கோப்பில் மெர்க்கேட்டர் நிலப்பட வீழல், வெளி டொமைன் 27 கி.மீ., உள் டொமைன் 9 கி.மீ. என்று கொடுத்து ஓட்டுங்கள். நிலப்படம் சரியாக வந்தால் போதும்.

படி 4: அன்கிரிப்

கிரிப் கோப்புகளை இணைப்பு ஸ்கிரிப்ட் கொண்டு இணையுங்கள். பிறகு விடேபிள். எந்த மாறியை எடுக்க வேண்டும் என்று அன்கிரிப்புக்குச் சொல்லும் அட்டவணை இது. ஈஆர்ஏ5க்கு, அதன் முந்தைய தரவான ஈஆர்ஏ-இன்டெரிமின் அழுத்த மட்ட அட்டவணையே பொருந்தும். அமெரிக்க வானிலை மாடலான ஜிஎஃப்எஸ்ஸின் அட்டவணையை வைத்தால் பொருந்தாது. நேம்லிஸ்டில் இடைவெளி 10800 வினாடி. முடிந்ததும் கோப்புகள் 25 இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

படி 5: மெட்கிரிட்

அவசரப்படக் கூடாத இடம் இது. ஈஆர்ஏ5இன் கடல் வெப்பத்தில் நிலக் கட்டங்களுக்கு மதிப்பே கிடையாது. பாக் நீரிணை குறுகலானது, 28 கி.மீ. கட்டங்களில் சில மட்டுமே அதற்குள் விழும். 9 கி.மீ. டொமைனுக்கு இடைக்கணிக்கும்போது (சுற்றியுள்ள புள்ளிகளிலிருந்து மதிப்பைக் கணிக்கும்போது) கரையோரக் கடல் புள்ளிகளுக்குப் பக்கத்தில் மதிப்பு கிடைக்காமல், அவை 0 கெல்வின் ஆகிவிடக்கூடும். புயலுக்குத் தீனியே கடலின் வெப்பம்தான். எனவே மெட்கிரிட் தந்த முதல் கோப்பை, தரவைப் படமாகக் காட்டும் என்சிவியூவில் திறந்து கடல் வெப்பத்தைப் பாருங்கள். நவம்பர் வங்கக்கடலில் 300 கெல்வினை ஒட்டி இருக்க வேண்டும். வேதாரண்யம் கரையோரம் 0 தெரிந்தால், மெட்கிரிட் அட்டவணையில் கடல் வெப்பத்துக்கான வரியில் நில முகமூடியையும், அருகிலுள்ள கடல் புள்ளியைத் தேடி எடுக்கும் வழியையும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

படி 6: ரியல் நிரலுக்கு

மெட்கிரிட் தந்த கோப்புகளிலிருந்து மாடலின் தொடக்க நிலையைத் தயாரிப்பது ரியல். மாடலின் நேம்லிஸ்டில் மெட்கிரிட் மட்டங்கள் 38 (37 அழுத்த மட்டங்களோடு தரைமட்டம்), மண் மட்டங்கள் 4 என்று எழுதுங்கள். முதல் டொமைனின் 25 கோப்புகளையும் உள் டொமைனின் கோப்புகளையும் மாடல் ஓடும் அடைவில் இணைத்துவிட்டு ரியலை இயக்கலாம்.