மெழுகு கலவாத புரோபோலிஸ் சாறு எடுப்பது எப்படி?

தேனீக்கள் மரமொட்டுகளிலிருந்து பிசினைத் திரட்டி வந்து, மெழுகோடு குழைத்து, கூட்டின் இடுக்குகளில் பூசி வைப்பதே புரோபோலிஸ். அதில் ஏறத்தாழப் பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு. பாக்டீரியாவை அடக்கும் ஃபிளாவனாய்டுகளும் பீனாலிக் அமிலங்களும் பிசினில்தான் இருக்கின்றன என்பதால், மெழுகை எவ்வளவு நீக்குகிறோமோ அவ்வளவுக்குச் சாறு தரமாக அமையும்.

1. சேகரித்தல்

தேனீப் பெட்டியின் சட்டங்களைச் சுரண்டி எடுத்தால் மரச்சிராயும் பழைய பெயின்ட்டும் கலந்துவிடும்; பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அதுவும் சாற்றுக்குள் வரும். ஆகவே, பெட்டியின் மூடிக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் வலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். அடைபட்ட வலையை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து, எடுத்த உடனே முறுக்கினால், பிசின் கண்ணாடிச் சில்லுபோல் தெறித்து விழும். சற்றே தாமதித்தாலும் இளகி விரலோடு ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டுத் தேனீயான ஏபிஸ் செரானா புரோபோலிஸ் சேர்ப்பதில்லை; இம்முறை ஐரோப்பியத் தேனீயான ஏபிஸ் மெல்லிஃபெராவை வளர்ப்பவர்களுக்கே உரியது.

2. ஊறவைத்தல்

உறைந்த நிலையிலேயே பொடித்து, 10 கிராமுக்கு 100 மி.லி. வீதம் 70 சதவீத எத்தனாலில் இட்டு, பழுப்புநிறக் கண்ணாடிப் புட்டியில் இரண்டு வாரம் இருட்டில் வைத்து, நாள்தோறும் குலுக்க வேண்டும். எத்தனாலின் செறிவு கூடினால் மெழுகும் கூடுதலாகக் கரையும்.

3. மெழுகை நீக்குதல்

நான் தவறியது இங்கேதான். விரைவில் கரையட்டும் என்று புட்டியை வெந்நீரில் வைத்தேன். சாறு தெளிவாகவே வடிந்தது, ஆனால் மறுநாள் அடியில் வெளிறிய படலம் படிந்திருந்தது. சூட்டில் கரைந்த மெழுகு வடிதாளைத் தாண்டிப் போய், ஆறியபின் திரண்டிருந்தது. எனவே சூடாக்கவே வேண்டாம். ஊறிய சாற்றை ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குளிர்ச்சி குறையும் முன்பே வடிதாளில் வடியுங்கள். துணி போதாது, நுண்மெழுகு அதில் நிற்பதில்லை.

4. தரம் பார்த்தல்

ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பால்போல் கலங்க வேண்டும். நீரில் கரையாத பிசின் பிரிவதன் அடையாளம் அது. ஆனால் பிசின் இருப்பதை மட்டுமே இது காட்டும், அளவைக் காட்டாது. அளவறிய, எடைபோட்ட தட்டில் 10 மி.லி. சாற்றை ஊற்றி, நெருப்பு அண்டாத காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி, எடை குறைவது நின்றபின் மீண்டும் நிறுக்க வேண்டும். மூலப்பொருளில் பாதி கரைந்திருந்தால் ஏறத்தாழ 0.5 கிராம் எஞ்சும்.

பாக்டீரியா எதிர்ப்பை ஆய்வகத்தில்தான் சோதிக்க வேண்டும். பாக்டீரியாவை வளர்க்கும் கூழ் நிரப்பிய அகார் தட்டில் சாற்றுக்குப் பக்கத்திலேயே வெறும் 70 சதவீத எத்தனாலையும் வைக்கச் சொல்லுங்கள். எத்தனாலே பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், அந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் ஏற்பதில்லை. பொதுவாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் (வெளிச்சவ்வு இல்லாத) வகைகள் வளரும் தட்டில், சாற்றைச் சுற்றி பாக்டீரியா வளராத தெளிவளையம் பெரிதாகவும், வெளிச்சவ்வு காக்கும் ஈ. கோலை போன்றவற்றில் சிறிதாகவும் இருக்கும்.

பின்சேர்க்கை

வாசகர்கள் இருவர் கேட்டதால் சேர்க்கிறேன். மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டை எக்காரணத்தாலும் பயன்படுத்தாதீர்கள். நிறத்தை வைத்தும் தரத்தை முடிவு செய்யாதீர்கள்: பாப்லர் மரமொட்டிலிருந்து வருவது பழுப்பு, பிரேசிலின் பக்காரிஸ் செடியிலிருந்து வருவது பச்சை, சேர்மங்களும் வேறு, இரண்டுக்கும் எதிர்ப்பாற்றல் உண்டு. புரோபோலிஸ் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும் என்பதால், பொடிக்கும்போதும் வடிக்கும்போதும் கையுறை அணியுங்கள்.