ஹேக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கூடும் இடங்களில் "ஹேக்குக்குக் கொண்டுபோக வேணும்" என்ற குரல் அடிக்கடி கேட்கும். நியாயமான கோரிக்கைதான். ஆனால் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பது ஒரே நீதிமன்றம் அல்ல. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கிடையிலான வழக்கைத்தான் கேட்கும். ஆளைக் கூண்டில் ஏற்றுவது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், அதுவும் 2002 ஜூலை 1க்குப் பிந்திய குற்றங்களுக்கு மட்டும். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனம் என்ற ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே இங்கே நடந்ததை அங்கே கொண்டுபோக, பொதுவாக ஐ.நா. பாதுகாப்புச் சபை பாரப்படுத்த வேண்டும், அல்லது இலங்கையே சம்மதிக்க வேண்டும். வீட்டோ என்ற தடுக்கும் அதிகாரம் உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று மறுத்தாலும் பாதுகாப்புச் சபை வழி அடைபட்டுவிடும்.

கைதானாலே தண்டனைதான் என்று நம்புவதும் தவறு. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டனில் கைதானார். முன்னாள் தலைவர் என்ற விலக்குரிமை சித்திரவதைக்குப் பொருந்தாது என்று, அப்போது பிரித்தானியாவின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1999இல் சொன்னது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் வெளிநாட்டில் நடந்த சித்திரவதையைப் பிரித்தானியச் சட்டம் 1988இல்தான் குற்றமாக்கியது என்பதால், அதற்கு முந்திய சித்திரவதைகள் பெரும்பாலும் கணக்கில் வரவில்லை. 2000 மார்ச்சில் உடல்நிலையைச் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தத் தண்டனையும் இல்லாமலே 2006இல் இறந்தார்.

சாட்சியத்தை நீதிமன்றம் வந்து தேடும் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஆபிரிக்காவின் சாட் நாட்டுச் சர்வாதிகாரி ஹிசேன் ஹப்ரே 1990இல் ஆட்சி இழந்து செனகலுக்கு ஓடினார். அவருடைய சிறையிலிருந்து மீண்ட சுலேமான் கெங்கெங் என்ற கணக்காளர் மற்றக் கைதிகளின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்து, வருடக்கணக்காக ஒளித்து வைத்திருந்தார். 2001இல் ஹப்ரேயின் இரகசியப் பொலிஸின் பாழடைந்த கட்டடத்தில் ஆவணக் குவியல் கிடைத்தது. தடுப்பில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. 2016இல் செனகலிலேயே ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 26 வருடம் போனாலும், எழுதி வைத்தது கைகொடுத்தது.

எங்கள் அம்மாமார் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டும் அப்படிப்பட்டதுதான். தயவுசெய்து அந்த மூலப்பிரதியை லமினேட் பண்ணாதீர்கள், பிறகு கடதாசியையும் மையையும் பரிசோதிப்பது கஷ்டம். யார் கேட்டாலும் போட்டோக்கொப்பியே கொடுங்கள். வாக்குமூலத்தில் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். திகதி மறந்துபோனால் ஊகித்து எழுதவேண்டாம். "தைப்பொங்கலுக்குப் பிந்திய வாரம்" என்று நினைவில் உள்ளபடியே எழுதுங்கள். உங்கள் வாக்குமூலத்தை யாராவது ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தால், தமிழில் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்து வையுங்கள்.