புல்லா நோயாளியின் மார்புப் படம்: குழாய் போடும் முன் பார்க்க வேண்டியவை

1 செ.மீ.க்கு மேல் அகன்று, 1 மி.மீ.க்கும் மெல்லிய சுவரோடு நுரையீரலில் உருவாகும் காற்றுப்பைதான் புல்லா. ஒரு பக்க மார்பில் மூன்றில் ஒரு பங்கையாவது அடைத்துக்கொண்டால் ராட்சதப் புல்லா. எக்ஸ்ரேயில் இதை நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் இடையே காற்று சேர்வது) என்று நினைத்து, காற்றை வெளியேற்றும் குழாயைச் செருகினால், அது புல்லாவுக்குள்ளேயே இறங்கும்; பிறகு காற்றுக்கசிவு நாள்கணக்கில் நிற்காது.

முதலில் கோட்டின் வளைவைப் பாருங்கள். நியூமோதோராக்ஸில் நுரையீரலின் ஓரம் விலாச்சுவர்ப் பக்கம் புடைத்து, ஏறத்தாழ அதற்கு இணையாக ஓடும். புல்லாவின் உள்ளோரம் விலாச்சுவர்ப் பக்கம் குழிந்திருக்கும். புல்லாவின் கருமைக்குள் மெல்லிய இழைகளும் தெரியலாம். சந்தேகம் தீரவில்லை, நோயாளி நிலையாக இருக்கிறார் என்றால் சி.டி. எடுக்காமல் குழாய் வேண்டாம். ரத்த அழுத்தம் சரிந்து டென்ஷன் (சிக்கிய காற்று இதயத்தை அழுத்தும் நிலை) அறிகுறிகள் தெரிந்தாலோ, படத்துக்குக் காத்திருக்கவே கூடாது.

சி.டி.யை 1 மி.மீ. துண்டுகளில், நுரையீரலைத் தெளிவாகக் காட்டும் லங் விண்டோ அமைப்பில் (அகலம் 1500, மட்டம் -600) பாருங்கள். விலாச்சுவருக்கு இணையாக ஓடும் புல்லாச் சுவரின் இருபுறமும் காற்று இருந்தால் அது 'இரட்டைச் சுவர்' அடையாளம்: புல்லாவோடு நியூமோதோராக்ஸும் இருக்கிறது. ஒட்டி நிற்கும் இரண்டு புல்லாக்களும் இதே தோற்றம் தரும். அதனால் கொரோனல் (முன்-பின்னாகப் பிரிக்கும்) வெட்டிலும் அந்தச் சுவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

புல்லாவுக்குள் திரவ மட்டம் தெரிந்தால் பழைய படத்தைத் தேடி எடுங்கள். புதிதாக வந்தது என்றால் பெரும்பாலும் தொற்றுதான். சீழ்க்கட்டியின் சுவர் தடித்துக் கரடுமுரடாக இருக்கும். தொற்றிய புல்லாவின் சுவர் பெரும்பாலும் மெலிந்து வழவழப்பாகவே இருக்கும். படம் பயமுறுத்தும் அளவுக்கு நோயாளி நலிந்திருக்க மாட்டார். ஆன்டிபயாடிக் தொடங்கினாலும் திரவம் வற்ற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்து மருந்து தோற்றது என்று அவசரப்பட வேண்டாம்.

திரவத்தின் அடர்த்தியையும் அளந்துவிடுங்கள். காற்று விளிம்பை ஒட்டி அளந்தால் எண் பொய்யாகக் குறையும். அடியில், நடுவில் அளக்க வேண்டும். 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியின் அலகு) சாதாரணத் திரவம். 50-ஐத் தாண்டினால் புது ரத்தமாக இருக்கலாம். ஹீமோகுளோபின் இறங்குகிறதா, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்டா என்று உடனே கேளுங்கள்.

அதிகம் தவறவிடப்படுவது புற்றுநோய். மென்திசுக்களைக் காட்டும் மீடியாஸ்டைனல் விண்டோவுக்கு மாறி, புல்லாவின் சுவரை முழுச் சுற்றும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தடிப்பு, ஒட்டிய முடிச்சு, முன்பைவிடப் பெருத்த புல்லா, ஆன்டிபயாடிக்குக்குப் பிறகும் தங்கிவிட்ட திடப்பகுதி, இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். உள்ளே உருண்டையாக ஏதாவது இருந்தால் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து மறுபடி சில துண்டுகள் எடுங்கள்: பூஞ்சை உருண்டை பெரும்பாலும் இடம் மாறும், கட்டி மாறாது.