நிலநடுக்கத்துக்குப் பிறகு அணுமின் நிலையத்தில் செய்யக் கூடாத தவறுகள்: ஃபுகுஷிமா காட்டியவை

2011 மார்ச் 11, மதியம் 2:46. ஜப்பானின் கிழக்குக் கடலுக்கடியில் 9.0 அளவில் நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் ஆறு உலைகள். அவற்றில் ஓடிக்கொண்டிருந்த மூன்றும் உடனே தாமாகவே நின்றன. இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"உலைதான் நின்றுவிட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்பதுதான் முதல் தவறு. அணு உலையை கேஸ் அடுப்பு மாதிரி நினைக்கக் கூடாது. விறகடுப்பில் தீயை அணைத்த பிறகும் கங்கு கனன்றுகொண்டே இருக்குமே, அந்த மாதிரி. முதலாம் உலையின் வெப்பத் திறன் 1,380 மெகாவாட். நிறுத்திய நொடியில் அதில் 6 முதல் 7 சதவீதம் வெப்பம் மிச்சமிருக்கும், அதாவது சுமார் 90 மெகாவாட். ஒரு நாள் கழித்து இது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆனால் அந்த மிச்சமே மணிக்குப் பத்து டன் தண்ணீரை ஆவியாக்கப் போதும். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் எரிபொருள் வெளியே தெரியும், சூடேறும், உருகும். நாள் கணக்கில்கூட இல்லை, சில மணி நேரத்திலேயே.

தண்ணீர் ஊற்ற மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரத்தை நிலநடுக்கம் துண்டித்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஐம்பது நிமிடம் கழித்து சுனாமி வந்தது. கடல்மட்டத்திலிருந்து நிலையத்தின் தரை 10 மீட்டர் உயரம், அலையோ 14, 15 மீட்டர். ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவையும் மின் பலகைகளும் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கின. 1, 2-ஆம் உலைகளில் பேட்டரியும் போயிற்று. கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. ஆனால் அங்கே அவசர மின்சாரம் கைவசம் இருந்ததால் உலையைப் பத்திரமாக நிறுத்த முடிந்தது.

ஓடுகிறது என்று நம்பிய கருவி

முதலாம் உலையில் ஐசோலேஷன் கன்டென்சர் என்று ஓர் ஏற்பாடு உண்டு. உலையின் நீராவியை ஒரு தொட்டித் தண்ணீருக்குள் ஓடும் குழாய்களில் விட்டு, குளிர்வித்து, திரும்ப உலைக்கே அனுப்பும். பம்ப் தேவையில்லை. உலை மணிக்கு 55 டிகிரிக்கு மேல் வேகமாகக் குளிரக் கூடாது என்பது விதி. அதனால் சுனாமி வருவதற்கு முன்பே ஊழியர்கள் இதைத் திறந்து மூடித் திறந்து மூடி இயக்கிக்கொண்டிருந்தார்கள். சரியான செயல்தான். அலை அடித்து விளக்குகள் அணைந்த அந்த நொடியில் வால்வு திறந்திருந்ததா, மூடியிருந்ததா? பலகையில் விளக்கே இல்லாதபோது யாருக்குத் தெரியும்?

நிலையத்தை வழிநடத்திய அவசர அலுவலகத்தில் இருந்தவர்கள், அது ஓடுகிறது என்றே எடுத்துக்கொண்டார்கள். கட்டடச் சுவரில் இதன் நீராவி வெளியேறும் இரண்டு துளைகளை ஊழியர்கள் 'பன்றி மூக்கு' என்பார்கள். அதில் லேசாக ஆவி தெரிகிறது என்று தகவல் வந்தது. நிஜமாக ஓடும்போது அது எப்படி இரைந்துகொண்டு வெளியேறும் என்பதை அங்கிருந்த ஒருவரும் பார்த்ததில்லை. மாலை 6:18-க்குச் சில விளக்குகள் மறுபடி எரிந்தன. ஊழியர்கள் வால்வைத் திறந்தார்கள். ஆவி கொஞ்சம் வந்து நின்றுபோனது. தொட்டியில் தண்ணீர் இல்லையோ என்று பயந்து 6:25-க்கு மூடினார்கள். மூடிய செய்தி அவசர அலுவலகத்துக்குப் புரியும்படி போய்ச் சேரவில்லை. நிலைய இயக்குநர் மசாவோ யோஷிதா, குளிரூட்டல் நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்திலேயே இருந்தார்.

இரவு 9:19-க்கு, எங்கிருந்தோ திரட்டிய பேட்டரிகளை நீர்மட்ட மீட்டரில் இணைத்தார்கள். எரிபொருளின் உச்சிக்கு மேலே 200 மில்லிமீட்டர் தண்ணீர் இருப்பதாக மீட்டர் காட்டியது. நிம்மதி! உண்மையில் அந்நேரத்துக்குள் எரிபொருள் உருகத் தொடங்கியிருந்தது. அந்த மீட்டர், பக்கத்தில் ஒரு குழாயில் நிற்கும் தண்ணீரோடு ஒப்பிட்டுத்தான் மட்டத்தைக் கணக்கிடும். சூட்டில் அந்தத் தண்ணீரே ஆவியாகிவிட்டது. அந்தக் குழாயில் தண்ணீர் குறையக் குறைய, மீட்டர் உலையின் மட்டத்தைக் கூடுதலாகவே காட்டும்.

அரை மணி நேரத்தில் உலைக் கட்டடத்துக்குள் யாரும் போகக் கூடாத அளவுக்குக் கதிர்வீச்சு ஏறியது. எரிபொருள் தண்ணீருக்குள் இருந்தால் ஏன் ஏற வேண்டும்? நீர்மட்டம் ஒன்று சொல்கிறது, கதிர்வீச்சு வேறொன்று சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் மோசமானதைத்தான் நம்ப வேண்டும். சேதமடைந்த நிலையத்தில் நல்ல செய்தி சொல்லும் மீட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன். நள்ளிரவுக்குச் சற்று முன், சிறிய ஜெனரேட்டர் ஒன்றின் உதவியால் உலையைச் சுற்றியுள்ள காப்புக் கொள்கலனின் அழுத்தம் ஏறியிருப்பதைப் படித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. மறுநாள் மாலை 3:36-க்கு முதலாம் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறியது. அளவுமீறிச் சூடேறிய எரிபொருளின் உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து உண்டான வாயு அது. இரண்டாம் உலைக்கு ஜெனரேட்டர் வண்டியிலிருந்து படாதபாடுபட்டு இழுத்த கேபிளை அப்போதுதான் இணைத்து முடித்திருந்தார்கள். அதுவும் அதோடு போயிற்று.

மாற்று கையில் வருமுன் இருப்பதை நிறுத்தியது

மூன்றாம் உலையில் பேட்டரி தப்பியிருந்தது. நீராவியில் ஓடும் உயர் அழுத்த பம்ப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது, பம்ப் உடைந்துவிடுமோ என்று பயம். மார்ச் 13 அதிகாலை 2:42-க்கு ஊழியர்கள் அதை நிறுத்தினார்கள். அழுத்தத்தை இன்னும் குறைத்து, டீசல் தீயணைப்பு பம்ப் வழியாக ஊற்றுவது திட்டம். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வைத் திறக்கப் பேட்டரியில் தெம்பில்லை. உலையின் அழுத்தம் விறுவிறுவென்று ஏற, தீயணைப்பு பம்பின் தண்ணீர் உள்ளே போகவில்லை. பழைய பம்பையும் மறுபடி ஓட்ட முடியவில்லை. இந்தச் செய்தியும் மேலே தாமதமாகத்தான் போனது. கடைசியில் ஊழியர்களின் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்தார்கள். அடுத்த நாள் மூன்றாம் உலைக் கட்டடமும் வெடித்தது. அதன் ஹைட்ரஜன் பொதுக் குழாய் வழியே நாலாம் கட்டடத்துக்கும் போய், எரிபொருளே ஏற்றாத உலை இருந்த அந்தக் கட்டடத்தையும் 15-ஆம் தேதி உடைத்தது.

தீயணைப்பு வண்டிகள் ஊற்றிய தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து போனதெல்லாம் உலைக்குப் போனதாகக் கணக்கு வைத்தார்கள். கிளைக் குழாய்கள் வழியே அதில் கணிசமான பங்கு வேறிடங்களுக்கு ஒழுகிப் போனது பிற்பாடுதான் தெரிந்தது.

தூரத்திலிருந்து உத்தரவிடுவது

மார்ச் 12 இரவு முதலாம் உலைக்குள் கடல்நீர் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். பிரதமர் அலுவலகத்தில் இன்னும் பேச்சு முடியவில்லை, நிறுத்துங்கள் என்று டோக்கியோவிலிருந்து நிறுவன மேலதிகாரிகள் சொன்னார்கள். யோஷிதா வீடியோ திரைக்குக் கேட்கும்படி "நிறுத்து" என்று சத்தமாக உத்தரவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் நிறுத்தாதே என்று முன்னதாகவே சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் நிற்கவில்லை. இதைச் சாகசக் கதையாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. களத்தில் இருப்பவர் நாடகமாடித்தான் உலையைக் குளிர்விக்க வேண்டும் என்றால் ஏற்பாட்டில்தான் ஓட்டை.

12 கிலோமீட்டர் தெற்கே ஃபுகுஷிமா டைனி என்ற இன்னொரு அணுமின் நிலையம். அங்கேயும் சுனாமி புகுந்தது, ஆனால் ஒரு மின் இணைப்பு தப்பியது. இயக்குநர் நவோஹிரோ மசுதா, நில அதிர்வுகள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்று வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். அவை குறைந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆட்களை வெளியே அனுப்பினார். சுமார் 200 பேர் 9 கிலோமீட்டர் கேபிளைக் கையாலேயே இழுத்துப் போட்டார்கள். பாதி வேலையில், முதலில் காப்பாற்ற வேண்டியது வேறு உலை என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார், மாற்றியதை ஒளிக்காமல் சொன்னார். 15-ஆம் தேதி காலைக்குள் நான்கு உலைகளும் குளிர்ந்துவிட்டன.

அலறும் டோசிமீட்டர்

மார்ச் 24. மூன்றாம் உலையின் டர்பைன் கட்டட அடித்தளத்தில் மூன்று பேர் கேபிள் போடப் போனார்கள். முந்தின நாள் அளந்தபோது அங்கே தண்ணீரும் இல்லை, கதிர்வீச்சும் குறைவு. அன்று கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இருவர் போட்டிருந்தது உயரம் குறைந்த காலணி, தண்ணீர் உள்ளே புகுந்தது. உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் அலறியது. நேற்றைய அளவை நினைத்துக்கொண்டு, கருவிதான் கெட்டுப்போயிருக்கும் என்று வேலையைத் தொடர்ந்தார்கள். மூவரும் வாங்கிய கதிர்வீச்சு 170 மில்லிசீவர்ட்டுக்கு (அதை அளக்கும் அலகு) மேல். அங்கே நேற்றைய அளவு என்பது நேற்றோடு முடிந்துவிடும். முகமூடியைச் சரியாகப் போடாததும் அதே மாதிரியான தவறுதான். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட ஊழியருக்குப் பதிவானது 678 மில்லிசீவர்ட், அதில் பெரும்பகுதி மூச்சோடு உள்ளே போனது.

எல்லோரையும் உடனே கிளப்புவது

வெளியேற்றும் வட்டம் ஒரே நாளில் 3, 10, 20 கிலோமீட்டர் என்று விரிந்தது. கதிர்வீச்சு எந்தத் திசையில் போகும் என்று கணக்கிடும் ஏற்பாடு ஜப்பானிடம் இருந்தது, அதன் தகவல் ஊர்களுக்குப் போகவில்லை. நமியே ஊர்க்காரர்கள் பலர் வடமேற்கே ட்சுஷிமாவில் போய்த் தங்கினார்கள். கதிர்வீச்சு மேகமும் அந்தப் பக்கம்தான் போனது.

நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருந்த ஒரு மருத்துவமனையின் படுத்த படுக்கை நோயாளிகளை மார்ச் 14 அன்று பஸ்ஸில் ஏற்றினார்கள். கதிர்வீச்சுப் பரிசோதனைக்காகச் சுற்றி, 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். இறக்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். சிலர் வழியிலேயே இறந்தார்கள். அந்த மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களில் மொத்தம் நாற்பது பேருக்கு மேல் இறந்தது கதிர்வீச்சால் இல்லை, பயணத்தாலும் கவனிப்பு இல்லாமலும். இப்போது ஜப்பானில் அணுமின் நிலையங்களுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் பலவற்றில் காற்றை வடிகட்டும் கருவி பொருத்திய அறைகள் கட்டியிருக்கிறார்கள். கூட்டிப்போக ஆட்களும் வண்டியும் போய்ச் சேர இடமும் தயாராகும் வரை நோயாளிகளை அங்கேயே வைத்துக் கவனித்துக்கொள்வார்கள்.