நட்சத்திர வெளிச்சத்தை வைத்து ஒரு கோளைக் கண்டுபிடிப்பது எப்படி?

தொலைதூரக் கோளை டெலஸ்கோப்பில் நேராகப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம், பக்கத்திலேயே இருக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சம் அதை மறைத்துவிடும். ஆனால் கோள் சுற்றும்போது நட்சத்திரமும் சும்மா நிற்காது. குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுற்றுகிற அப்பா கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்வாரே, அதுபோல அதுவும் ஒரு சின்ன வட்டம் அடிக்கும். அந்த அசைவைத்தான் பிடிக்கப்போகிறோம். உதாரணத்துக்கு 51 பெகாசி என்ற நட்சத்திரம், சுமார் 50 ஒளியாண்டு தூரம்.

முதலில் ஒளியைப் பிரிக்க வேண்டும். பழைய சிடி ஒன்றை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள், வண்ணங்கள் தெரியும். நிறமாலைமானி இதையே மிக நுணுக்கமாகச் செய்கிறது, அப்போது வண்ணப் பட்டையின் நடுவே ஆயிரக்கணக்கான கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரத்தின் மேலடுக்கில் உள்ள இரும்பு போன்ற அணுக்கள் விழுங்கிய ஒளி அது.

அடுத்து, அளக்க ஒரு ஸ்கேல். தோரியம்-ஆர்கான் விளக்கின் கோடுகள் எங்கே விழும் என்பது துல்லியமாகத் தெரியும் என்பதால், அந்த ஒளியையும் கூடவே பதிவு செய்வார்கள்.

இப்போது கோடுகள் நகர்கின்றனவா என்று பார்க்கலாம். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் நீலப் பக்கம், விலகினால் சிவப்புப் பக்கம். 51 பெகாசியின் வேகம் வினாடிக்குச் சுமார் 59 மீட்டர்தான் ஏறி இறங்குகிறது, அதாவது 500 நானோமீட்டரில் உள்ள கோடு வெறும் 0.0001 நானோமீட்டர் நகரும்! ஒரே கோட்டை நம்பி இதை அளக்க முடியாது, எல்லாக் கோடுகளையும் சேர்த்து ஒப்பிட வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தையும் மறக்காமல் கழித்துவிடுங்கள், அது வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இனிமேல்தான். பல இரவுகளில் அளந்த வேகங்களை எக்செல்லில் போட்டால் புள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கும். முதல் இரவிலிருந்து எத்தனையாவது நாளில் அளந்தது என்ற எண் ஒவ்வொன்றையும் 4.2308-ஆல் (கோள் ஒருமுறை சுற்றிவர எடுக்கும் நாட்கள்) வகுத்து, முழு எண்ணை விட்டுவிட்டு, தசமத்தை மட்டும் வைத்து மறுபடி வரையுங்கள். சிதறிக் கிடந்ததெல்லாம் ஒரே அலையாக வந்து உட்காரும். 4.2 என்று போட்டால் சில மாதத் தரவிலேயே அலை கலைந்துவிடும், அதனால் சரியான எண் கிடைக்கும்வரை கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

அலையின் உயரம் கோளின் நிறையைச் சொல்லும். சுற்றுப்பாதையின் சாய்வு தெரியாததால் கிடைப்பது குறைந்தபட்ச நிறைதான், இங்கே வியாழனில் ஏறக்குறைய பாதி.

அவ்வளவு பெரிய கோள் 4 நாளில் சுற்றுமா? பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் எலோடி என்ற நிறமாலைமானியால் இதை அளந்த மிஷேல் மேயருக்கும் டிடியே கெலோவுக்கும் அதே சந்தேகம்தான். நட்சத்திரம் மறுபடி வானில் வரும்வரை பொறுத்திருந்து 1995 ஜூலையில் திரும்ப அளந்தார்கள், புதுப் புள்ளிகள் கணித்த அலையின் மேலேயே விழுந்தன. அப்புறம்தான் அக்டோபரில் அறிவித்தார்கள்.